தூமானியின் ஊரிலிருந்து

அன்புள்ள எல்லோருக்கும்,

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுதத் தெம்பில்லை. இன்று கைத்தடியோடு வாசல்வரை நடந்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ரத்தம் கொடுத்தவர்கள், மாறி மாறித் துணைக்குப் படுத்த நண்பர்கள், கஞ்சி வைத்து அனுப்பிய அக்கா, ஊரில் அம்மாவிடம் பக்குவமாகச் செய்தி சொன்ன மாமா, பெயர் சொல்லாமல் பணம் போட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இங்கே மாலியின் தலைநகர் பமாக்கோவில் என் பக்கத்து வீட்டுக் கோரா வாத்தியாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கோரா என்பது சுரைக்குடுக்கையில் செய்த, விரலால் மீட்டுகிற நரம்பு வாத்தியம். அவர் ஜெலி, பரம்பரைப் பாடகர். கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று நான் அடம்பிடித்த நாளில் வந்து, கோரா மேதை தூமானி ஜபாத்தேயின் கதையை எடுத்தார். 1965இல் இதே ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் போலியோ வந்ததால் காலைச் சாய்த்துத்தான் நடப்பார். 1988இல் வந்த ‘கைரா’ இசை ஆல்பத்தில் வாசித்தது அவர் ஒருவர்தான், 21 நரம்புகள், நான்கே விரல்கள். கேட்பவருக்கு மூன்று பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். மாலியின் கிட்டார் கலைஞர் அலி ஃபர்க்கா தூரேயோடு வாசித்ததற்கு இரண்டு கிராமி விருது. “அந்தக் காலோடுதான் உலகம் சுற்றினார், நீ கக்கூஸ்வரை போக மாட்டாயா?” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

போகும்போது என் அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் கேட்டுக்கொண்டார். மறுநாள் கோராவோடு வந்து, நர்ஸ் முறைக்காத அளவுக்குத் தணிந்த குரலில் அந்தப் பெயர்களைப் பாடினார். அரசர்களின் குலப்பெருமை சொல்லி வந்த மரபு அது. என் தாத்தா லாரி ஓட்டியவர். அவரை யாரும் பாடியதில்லை, எங்கள் வீட்டிலேயே அவர் பேச்சை எடுத்து வருஷக்கணக்காகிறது. அன்று சாயங்காலம் காலைக் கீழே வைத்தேன்.

பணம் நீட்டினேன். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். ஜெலிக்குக் கொடுப்பது இங்கே முறை. அடுத்த நாள் அந்தப் பணத்தில் வார்டு முழுக்க ஆரஞ்சு.

2024 ஜூலை 19 அன்று, 58 வயதில் தூமானி போய்விட்டார். மகன் சிதிக்கி வாசிப்பதும் கோராதான். 71 தலைமுறை என்று அந்தக் குடும்பத்தில் கணக்குச் சொல்வார்கள். எங்கள் வாத்தியாருக்கோ இப்போது மூன்று மாணவர்கள், நரம்புக்குத்தான் தட்டுப்பாடு. மீன்பிடிக்கிற நைலான் நரம்பைத்தான் கட்டுகிறார்கள். இனி அவர் வீட்டுக் கோராவுக்கு நரம்பு என் செலவு. வாத்தியாரே, எந்தெந்தத் தடிமனில் எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.