‘வேசிப்பிள்ளை’ என்ற சொல்லை மாற்றுங்கள்: தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மொழிபெயர்ப்பாளர்களே, திருத்தக் குழுவினரே,

“வேசிப்பிள்ளையும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது.” உபாகமம் 23:2 நம் பழைய மொழிபெயர்ப்பில் இப்படித்தான் இருக்கிறது. மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘மம்சேர்’. எபிரெய வேதத்தில் இது இரண்டே இடங்களில் வருகிறது: இங்கும், சகரியா 9:6-லும். யூதச் சட்டத்தில் இந்தச் சொல் தாயின் தொழிலைக் குறிப்பதில்லை. அடுத்த பதிப்பில் இதை மாற்றும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

யார் மம்சேர் என்பதில் யூதச் சட்ட அறிஞர்களான பழைய ரபிகளுக்குள்ளேயே வழக்கு இருந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா மூன்று கருத்துகளைப் பதிவு செய்கிறது. ரபி அகிவா வலையை அகலமாக வீசி, தடுக்கப்பட்ட உறவுகளில் பிறந்த பலரையும் அதில் சேர்த்தார். ரபி யோசுவா, நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கக்கூடிய உறவில் பிறந்தவர் மட்டுமே மம்சேர் என்றார். நிலைத்தது சிமியோன் ஹதிம்னியின் நடுவழி: ‘ஜனத்தில் இராதபடி அறுப்புண்டு போதல்’ என்ற தண்டனைக்குரிய தகாத உறவில் பிறந்தவர் மம்சேர். மாதவிலக்குக் கால உறவுக்கும் அதே தண்டனைதான். ஆனாலும் அதில் பிறந்த பிள்ளை மம்சேர் ஆகாது.

நடைமுறையில் இது இரண்டு நிலைகளுக்கே வரும். அண்ணன் தங்கை போன்ற தடுக்கப்பட்ட நெருங்கிய உறவில் பிறந்த பிள்ளை ஒன்று. கணவன் உயிரோடிருக்க, அவனிடம் ‘கெத்’ எனும் மணவிலக்குச் சீட்டு பெறாத பெண்ணுக்கு வேறொரு யூத ஆணால் பிறந்த பிள்ளை மற்றொன்று. மணமாகாத தாயின் பிள்ளை மம்சேர் அல்ல. மணமாகாத பாலியல் தொழிலாளியின் பிள்ளையும் அல்ல. மணமான ஆணுக்கும் மணமாகாத பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையும் அல்ல. அதாவது, ‘வேசிப்பிள்ளை’ என்றதும் தமிழ் வாசகர் மனதில் வரும் பிள்ளைகளில் அநேகரை இந்த வசனம் தொடவே இல்லை. யெப்தாவை நினைத்துப் பாருங்கள். அவன் வேசியின் மகன் என்று நியாயாதிபதிகள் 11:1 வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே மம்சேர் என்ற சொல் இல்லை. அவன் இஸ்ரவேலின் நியாயாதிபதியாகவும் ஆனான். நம் மொழிபெயர்ப்பின்படி பார்த்தால் அவனுக்குச் சபையிலேயே இடமிருக்கக் கூடாது.

‘சபைக்கு உட்படுதல்’ என்பதும் கோவில் வாசலில் நிறுத்தி வைப்பதல்ல. ரபிகள் அதைத் திருமணம் என்றே கொண்டார்கள். மம்சேர் தொழுகைக்கு வரலாம், தகப்பன் சொத்தில் பங்கு பெறலாம். கல்வியில் தேர்ந்த மம்சேர், கல்லாத பிரதான ஆசாரியனுக்கு முன்பாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது மிஷ்னா. தடை மணத்தில்தான். இன்னொரு மம்சேரையோ, யூத மதத்துக்கு மாறியவரையோ மணக்கலாம். மற்ற யூதரை மணக்க முடியாது. பிறக்கும் பிள்ளையும் மம்சேர்தான். ‘பத்தாம் தலைமுறை’ என்பதற்கு ‘என்றென்றைக்கும்’ என்று பொருள்.

இது கொடிய சட்டம். அதை மென்மையாக்கிக் காட்ட நாங்கள் வரவில்லை. அதன் கொடுமையை முதலில் உணர்ந்தவர்கள் ரபிகளே. பெற்றோர் செய்த பாவத்துக்கு இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று லேவியராகமத்துக்கு ரபிகள் எழுதிய விளக்க நூலான மித்ராஷில் தானியேல் என்ற தையற்காரர் கேட்கிறார். அதனால்தான் விலக்கு தேடும் வழிகள் பெருகின. மனைவியின் பிள்ளை கணவனுடையது என்றே சட்டம் கருதும். கணவன் 12 மாதம் வெளியூரில் இருந்தும், கரு தாமதித்திருக்கலாம் என்று பிள்ளையைத் தகுதியுள்ளதாக ஏற்ற தீர்ப்பு, ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் உண்டு. தெருவில் கிடைத்த குழந்தையின் மேல் எண்ணெய் பூசியிருந்தால், கைகால் நீவிவிட்டிருந்தால், கழுத்தில் தாயத்து இருந்தால், அது மம்சேரோ என்று சந்தேகிக்க வேண்டிய பிறப்பு அல்ல. அக்கறையுள்ள ஒருவர் வறுமையால் விட்டுப்போன பிள்ளை. இத்தனை கவனமாகக் குழந்தையைப் பார்த்த மரபின் சொல்லுக்கு நாம் ஒரு வசைச்சொல்லை ஈடாக வைத்திருக்கிறோம்.

இது பழங்கதையும் அல்ல. 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி இஸ்ரேலில் யூதர்களின் மணமும் மணவிலக்கும் ரபி நீதிமன்றங்களின் கையில் உள்ளன. 1972-இல் தலைமை ரபி ஷ்லோமோ கோரன், தாயின் முதல் கணவர் யூதராக மாறியது செல்லாது, ஆகவே முதல் திருமணமும் செல்லாது என்று தீர்ப்பளித்து, அவரிடம் கெத் பெறாமலே தாய் செய்த மறுமணத்தில் பிறந்த உடன்பிறப்புகள் இருவரை இந்தத் தடையிலிருந்து விடுவித்தார். கணவன் கெத் கொடுக்க மறுக்கும் பெண்களை இன்றும் அழுத்துவது, வேறொருவரால் பிறக்கும் பிள்ளை மம்சேர் ஆகிவிடும் என்ற இந்தப் பயம்தான்.

பழி முழுவதும் உங்களுடையது அல்ல. எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தே இந்த வசனத்தில் ‘வேசியிடம் பிறந்தவன்’ என்று எழுதிவிட்டது. சகரியாவிலோ அதே சொல்லை ‘அந்நியர்’ என்று மாற்றியது. லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா ‘மம்சேர்’ என்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் அந்தப் பழைய விளக்கத்தைச் சேர்த்தது.

ஊரீம் தும்மீம், ஏபோத்து, சேலா, ஓமர் ஆகியவற்றை எபிரெயமாகவே வைத்திருக்கிறீர்கள். உபாகமம் 23:2-இல் ‘மம்சேர்’ என்றே அச்சிட்டு, அடிக்குறிப்பாக இதைச் சேருங்கள்: “தடுக்கப்பட்ட நெருங்கிய உறவிலோ, மணமான பெண்ணுக்குக் கணவனல்லாத யூத ஆணாலோ பிறந்தவர். ‘சபைக்கு உட்படுதல்’ என்பதை யூத மரபு திருமணமாகக் கொள்கிறது.” சகரியா 9:6-இல் பொருள் உறுதியில்லாததால், ‘கலப்பினத்தார்’ என்றோ ‘அந்நியர்’ என்றோ எழுதி, மூலச்சொல்லைக் கீழே கொடுத்தால் போதும். அதுவரை, பிரசங்கத்தில் இந்த வசனத்தை வாசிக்கும் போதகர்கள் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளை நோக்கி இதைத் திருப்பாதிருக்கும்படி சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.