அயனாந்தா பூத்திருக்கிறது

சென்னை

அன்புள்ள வசந்தி,

எட்டு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடு. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நம் விடுதி வார்டனைப் போன வாரம் வங்கியில் பார்த்தேன். அதே குடை, அதே கேள்வி. மற்றவற்றை நேரில் சொல்கிறேன். சமையலறை ஜன்னலில் தொங்கும், மண்ணே இல்லாமல் வளரும் என் காற்றுச்செடி டில்லான்சியா அயனாந்தா நேற்றுக் காலை பூத்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செடி அது. இரண்டு வாரங்களாக அதன் நடு இலைகள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே வந்தன. நேற்று அந்தச் சிவப்புக்குள்ளிருந்து குழல் போன்ற ஊதாப்பூ ஒன்று, நுனியில் மஞ்சள் மகரந்தத்தோடு எட்டிப் பார்த்தது.

தொலைபேசியில் நீ இதைப் புல்லுருவி என்றாயே, அந்தப் பழியை இதன்மேல் போடாதே. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இதுவோ, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கிளையைப் பற்றிக்கொள்வதற்கு மட்டுமே வேரை வைத்திருக்கிறது. நீரையும் சத்தையும் இலையில் அடர்ந்திருக்கும் நுண்ணிய செதில்களே உறிஞ்சுகின்றன. திருநீறு பூசியதுபோல் வெளுத்திருக்கும் இலையைத் தண்ணீரில் முக்கிப் பார், நம் கண்முன்னே பச்சையாகிவிடும்.

முதல் செடியை நான் இழந்த கதை உனக்குத் தெரியாது. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து விற்ற கடைக்காரர், காற்றே போதும், தண்ணீரே வேண்டாம் என்றார். மனம் கேட்காமல் நான் தினமும் இரவு படுக்கப் போகுமுன் தண்ணீர் தெளித்து வந்தேன். ஒரு மாதம் கழித்து வெளியே எடுத்தபோது, நடுக்குருத்து அப்படியே கையோடு வந்துவிட்டது; அடிப்பகுதி கறுத்து, அழுகிய வாடை அடித்தது. அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: பெரும்பாலான செடிகளைப் போலன்றி, இவை இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. இலைமேல் நீர் படலமாக நின்றால் அந்தச் சுவாசம் தடைபடும்; குருத்துக்குள் தேங்கினால் அழுகல் பிடிக்கும்.

இப்போது வாரம் ஒருமுறை, காலையில், இருபது நிமிடம் ஊறவைக்கிறேன். எடுத்ததும் தலைகீழாகப் பிடித்து உதறி, காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன். நான்கு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து அந்தச் செதில்களை அடைத்துவிடும் என்பதால், மொட்டை மாடியில் பிடித்த மழைநீரைத்தான் பயன்படுத்துகிறேன். உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் குறைவு. அதனால் நீ வாரம் இரண்டு முறை ஊறவைக்க வேண்டியிருக்கும். இலைகள் ஓரங்களில் உள்நோக்கிச் சுருண்டால் தாகம் என்று புரிந்துகொள். பாட்டியின் செம்புப் பாத்திரத்தில் மட்டும் ஊறவைத்துவிடாதே. இந்தக் குடும்பத்துக்கே செம்பு நஞ்சு.

படத்தில் பார்த்து நீ கேட்டிருந்த பெரிய வெள்ளிநிறச் செடியின் பெயர் செரோகிராஃபிகா. குவாத்தமாலாக் காடுகளிலிருந்து அளவுக்கு மீறிப் பறிக்கப்பட்டதால், அதன் வணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று கட்டுப்படுத்தியிருக்கிறது. அழகுக்காக ஒரு காட்டை வெறுமையாக்குவதில் நம் பங்கும் சேர வேண்டாம், வசந்தி. பண்ணையில் வளர்த்ததுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கு.

அயனாந்தா இனி பூக்காது. வாழையைப் போலத்தான்: பூப்பது ஒரே முறை, பிறகு பக்கக்கன்று விட்டுவிட்டுத் தாய் மெல்ல மெல்ல வாடும். நேற்று இதைச் சொன்னதும் அம்மா தன் புதுக் கண்ணால் வெகுநேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடியில் அரிசி மணி அளவில் ஒரு கன்று ஏற்கெனவே தெரிகிறது, அது உனக்குத்தான். தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்தபின் பிரித்து, நானே ரயிலில் கொண்டுவருகிறேன். அதற்குள் உன் கிழக்கு ஜன்னலில் ஓர் ஆணி அடித்து வை. தொட்டி வேண்டாம், கட்டுவதற்கு நைலான் நூலும் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கலா