செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் ராஜஸ்தானின் ரந்தம்போர் தேசியப் பூங்காவில் வாழ்ந்த மச்லி என்னும் பெண்புலியின் வாழ்க்கைக்கே ஒதுக்கினோம். ஒரே புலியைப் பற்றி ஓராண்டு பேச என்ன இருக்கிறது என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

முகத்தில் இருந்த மீன் வடிவக் கோட்டை வைத்து, இந்தியில் மீன் என்று பொருள்படும் அப்பெயர் வந்தது. வனத்துறைப் பதிவில் அவள் டி-16. பதம் தலாவ், ராஜ்பாக் ஏரிக்கரைகளைத் தன் எல்லையாகக் கொண்டு, பட்டப்பகலில் வண்டிகளைப் பொருட்படுத்தாமல் நடமாடியதே அவளை உலகறியச் செய்தது. 2003-இல் சுமார் 14 அடி நீள முதலையுடன் அவள் போரிட்டு வென்ற காட்சியைத் திரையிட்ட மாலையில்தான் நம் கூடத்தில் நாற்காலி போதவில்லை.

குளிர்காலத்தில் ரந்தம்போர் சென்ற நம் உறுப்பினர்கள் ஒரு புலியைக்கூடக் காணாமல் திரும்பினோம். ஆயினும் கழுத்தளவு நீரில் நின்று நீர்ச்செடி மேயும் மிளாவையும், சற்றுத் தள்ளி மரக்கட்டைபோல் அசையாது கிடந்த முதலையையும் பார்த்தபோது, அந்த ஏரிக்கரைக்காகப் புலிகள் ஏன் சண்டையிடுகின்றன என்பது விளங்கியது. மச்லி அதை இழந்தது பெற்ற மகளான சுந்தரியிடம். புலிகள் அற்றுப்போன சரிஸ்கா காட்டுக்கு 2008 முதல் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுபோனபோது, அவற்றில் மச்லியின் வாரிசுகளும் இருந்தன.

மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது அவளுடைய முதுமை. கோரைப் பற்களை இழந்து, ஒரு கண் பார்வையும் மங்கிய நிலையில், வனத்துறையினர் கட்டிவைத்த இரையை உண்டே அவள் பல காலம் வாழ்ந்தாள். காட்டு விலங்கைக் காட்டின் போக்கில் விட்டிருக்க வேண்டும் என்று ஒரு சாராரும், அவளைக் காட்டி இத்தனை ஆண்டுகள் பயணிகளை வரவழைத்தவர்கள் பசிக்கு விட்டுவிடலாமா என்று மறு சாராரும் இரண்டு கூட்டங்கள் வாதிட்டனர். என் மனம் இரண்டாவது கட்சியிலேயே நின்றது. எனினும், பொதுவாக 15 வயதைத் தாண்டாத காட்டுப்புலி 19 வயதுவரை வாழ்ந்ததை வெறும் இயற்கையின் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதையும் ஏற்கிறேன். 2016 ஆகஸ்ட் 18 அன்று இறந்த அவளது உடலை மாலையிட்டு எரியூட்டினர்.

இவ்விவாதத்தின் மீதான தீர்மானம் ஒருமனதாகாததால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. பயணச் செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே அளிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்