கெடு தேதி பழைய விமானங்களுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமான விபத்துச் செய்தி வந்தவுடன் கருப்புப் பெட்டி கிடைத்துவிட்டதா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். பெட்டி கிடைத்தும் உள்ளே வேண்டிய பதிவு இல்லாமல் போவது தொடர்கிறது. பதிவுக் கருவிகளுக்கான புதிய விதிகள் புதிய விமானங்களுக்கு மட்டுமே பொருந்துவதுதான் அதற்கு இடம் கொடுக்கும் ஓட்டை. அதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கவனப்படுத்த விரும்புகிறேன்.

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில், ஜெஜு ஏர் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் சக்கரங்கள் இறங்காத நிலையில் தரையிறங்கி, ஓடுபாதையைத் தாண்டிச் சென்று கான்கிரீட் மேட்டில் மோதியதில் 179 பேர் உயிரிழந்தனர். கருப்புப் பெட்டி என்று நாம் சொல்லும் விமானி அறைக் குரல் பதிவுக் கருவி, பறப்புத் தரவுப் பதிவுக் கருவி ஆகிய இரண்டும் மீட்கப்பட்டன. ஆனால் மோதலுக்கு முந்தைய சுமார் நான்கு நிமிடங்கள் இரண்டிலுமே பதிவாகவில்லை. விமானத்தின் மின்சாரம் நின்றுபோனாலும் குரல் பதிவை மேலும் பத்து நிமிடங்கள் ஓடச்செய்யும் தனி மின்வசதி அந்த விமானத்தில் இல்லை. அமெரிக்க விதி அதை 2010 ஏப்ரல் முதல் தயாரான விமானங்களுக்குத்தான் கட்டாயமாக்கியது. இந்த விமானமோ 2009-இல் தயாரானது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு, கடைசி நிமிடங்களில் விமானிகள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

பதிவின் நீளமும் இதே கதைதான். காந்த நாடா காலத்துக் கருவிகள் அரை மணி நேரப் பேச்சைத்தான் சேமித்தன. பின்னர் வந்த மின்னணுக் கருவிகள் இரண்டு மணி நேரம் சேமிக்கின்றன. அதன் பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். விமானம் தரையிறங்கிய பின் யாராவது நினைவாக அதற்குரிய சர்க்யூட் பிரேக்கரை (கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையை) இழுத்துவிட்டால்தான் பதிவு தப்பும். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் சுமார் 14,800 அடி உயரத்தில், பயன்படுத்தாத கதவு இடத்தை மூடியிருந்த பலகை பிய்ந்து பறந்தபோது, விமானம் பத்திரமாகத் திரும்பியும் குரல் பதிவு முழுவதும் அழிந்துபோனதற்கு அந்தப் பிரேக்கர் உரிய நேரத்தில் இழுக்கப்படாததே காரணம். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில், ஏர் கனடா விமானம் ஒன்று நான்கு விமானங்கள் காத்திருந்த டாக்ஸிவேயை (விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் வழியை) ஓடுபாதை என்று கருதி ஏறத்தாழ 60 அடி உயரம் வரை இறங்கி, மீண்டும் மேலெழும்பியது. அந்த விமானம் மறுநாள் வழக்கம்போல் பறந்துவிட்டதால் அதன் குரல் பதிவும் விசாரணைக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும், அதே விமானங்களில் இருக்கும் தரவுப் பதிவுக் கருவி பல ஆண்டுகளாக 25 மணி நேரத் தகவல்களைச் சேமித்துவருகிறது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு குரல் பதிவையும் 25 மணி நேரமாக்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் 27,000 கிலோவுக்கு மேற்பட்ட எடை கொண்ட, 2022 ஜனவரி முதல் முதன்முறையாகப் பறக்கும் தகுதிச் சான்று பெறும் விமானங்களுக்கே அந்த விதி பொருந்தும். ஒரு பயணிகள் விமானம் இருபத்தைந்து ஆண்டுகள் பறப்பது சாதாரணம் என்பதால், 2021-இல் வாங்கிய விமானம் 2040-களிலும் இரண்டு மணி நேரக் கருவியோடு பறக்க இந்த விதி இடமளிக்கிறது.

செலவைக் காரணம் காட்டுவதை ஓரளவு புரிந்துகொள்கிறேன். எல்லா மாற்றங்களையும் பழைய விமானங்களில் செய்துவிட முடியாது. ஆனால் பதிவுக் கருவியை மாற்றுவது விமானத்தின் உடற்கட்டமைப்பைத் திருத்தும் வேலையன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு விமானி அறைக் கதவுகளை வலுப்படுத்த ஆணையிட்ட அமெரிக்கா, அப்போது சேவையில் இருந்த விமானங்களுக்கும் 2003 ஏப்ரலைக் கெடுவாக விதித்தது, நிறுவனங்களும் மாற்றின. தங்கள் பேச்சு முழுவதும் பதிவாவது பற்றி விமானிகளுக்கு இருக்கும் கவலையும் நியாயமானதே. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில், விபத்து விசாரணை பற்றிய 13-ஆம் இணைப்பு அப்பதிவுகளுக்கு அளிக்கும் பாதுகாப்பை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் உறுதியாக எழுதுவதே அதற்குத் தீர்வு. பதிவின் நீளத்தைக் குறைத்து வைத்திருப்பதன்று.

2024-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், ஏற்கெனவே பறக்கும் பயணிகள் விமானங்களும் ஆறு ஆண்டுகளுக்குள் 25 மணி நேரக் கருவிக்கு மாற வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புகளும் இத்தகைய கெடுவை அறிவிப்பதோடு, தனி மின்வசதியையும் அதில் சேர்க்க வேண்டும். அதுவரை, அசம்பாவிதத்துக்குப் பின் பிரேக்கரை இழுத்துப் பதிவைக் காப்பதை விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியலில் கட்டாய வரியாக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்