சேலம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளின் இயந்திரவியல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

விமான எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓமலூருக்குத் திரும்பியவன் நான். சென்ற மாதம் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சூடான வாயுவால் சுழலும் பிளேடு சக்கரமான டர்பைனின் சூத்திரங்களை மளமளவென்று சொன்னார்கள். பிளேடு நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டேன். "அரை அங்குலம் இருக்கும் ஐயா" என்றான் ஒருவன். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் கையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை யாருமே கொடுத்ததில்லை.

எரியறைக்கு அடுத்துள்ள உயர் அழுத்த டர்பைனில் அந்த இடைவெளி 0.25 மில்லிமீட்டர், அதாவது இரண்டரைக் காகிதத் தாள் கனம் கூடினாலே எரிபொருள் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் ஏறும். வெளியேறும் வாயுவின் வெப்பமும் 10 டிகிரி அளவுக்கு உயரும். அந்த வெப்பம் வரம்பைத் தொட்டால் எஞ்சினை இறக்கையிலிருந்து கழற்ற வேண்டியதுதான்.

அப்படியானால் இன்னும் நெருக்கி வைக்கலாமே என்றான் இன்னொருவன். நல்ல கேள்வி. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். காய்ச்சிய பட்டா விரியும். மாட்டித் தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தைக் கவ்வும். டர்பைன் உறையும் அப்படி ஒரு பட்டாதான். பெரிய எஞ்சின்களில், விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது, முன்விசிறியின் குளிர்ந்த காற்றை உறைமேல் ஊதி அதைச் சுருக்குகிறார்கள்.

ஓடுபாதையில் அப்படிச் செய்ய முடியாது. விமானி எஞ்சின் விசையைத் தள்ளியதும் சுழற்சியின் இழுப்பில் பிளேடு நொடியில் நீளும். உறை விரியச் சற்று நேரம் பிடிக்கும். பிளேடுகளைத் தாங்கும் கனத்த வட்டு சூடேற நிமிடங்கள் ஆகும். விமானி வேகத்தைக் குறைத்து, சிறிது நேரத்தில் மறுபடி கூட்டினால் இன்னும் ஆபத்து: உறை ஆறிச் சுருங்கியிருக்கும், வட்டு சூடாகவே இருக்கும், நுனி உரசிவிடும். அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். உறையின் உள்வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறைபோலத் தேய்ந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. தேய்ந்த இடம் தானாக வளராது. அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் அந்த வழியே வாயு வீணாகும்.

ராணுவத் தளவாட உற்பத்திக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. கமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தில் இறங்கும் ஏடிஆர் போன்ற சிறு விமானங்களின் எஞ்சினில் பிளேடு குட்டையானது. அதே இடைவெளி அங்கே இன்னும் பெரிய இழப்பு. இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டாமா?

பெரிய ஆய்வகம் கேட்கவில்லை. சங்ககிரி லாரிப் பட்டறைகளில் கழித்துப்போட்ட டர்போ, அதாவது புகை வாயுவில் சுழலும் சிறு டர்பைன், கிடைக்கும். துறைக்கு ஒன்று வாங்குங்கள். மாணவர்கள் அதன் இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் அளக்கட்டும். பிறகு உறையை மட்டும் சூடாக்கி மறுபடி அளக்கட்டும். சனிக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. ஃபீலர் கேஜுடன் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஞ்சின் பரிசோதகர், ஓமலூர்