ஒரே காம்பவுண்டுதானே சார்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கிண்டியின் அறிவியல் வளாகங்கள் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. வண்ணப் படம், பெரிய தலைப்பு, எல்லாம் மகிழ்ச்சி. மூன்றாவது பத்திக்கு வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் 1954-ல் அண்ணா பல்கலைக்கழக ஆய்வகத்தில் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாராம்.

1954-ல் அறிஞர் அண்ணா ஊர் ஊராகப் போய் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் பெயரில் கிண்டியில் ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது என்று அன்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அவர் மறைந்தது 1969-ல். பல்கலைக்கழகம் பிறந்தது 1978 செப்டம்பரில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, நான் சொல்லித்தரவும் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு. கட்டுரை எழுதிய தம்பி அதற்கு முந்தைய வாரம் எனக்கு போன் செய்திருந்தார். நான் அந்த வளாகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன் என்று யாரோ சொன்னார்களாம். முக்கால் மணி நேரம் பேசினேன். ராமச்சந்திரன் இருந்தது சென்னைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் என்று மூன்று முறை சொன்னேன். “ரெண்டும் ஒரே காம்பவுண்டுதானே சார்” என்றார். நல்ல பிள்ளை, குரலில் மரியாதை இருந்தது. கையில் பேனா இருந்ததா என்றுதான் தெரியவில்லை.

அவர் பக்கம் கால்வாசி நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அழகப்பச் செட்டியார் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து 1944-ல் தொடங்கிய ஏ.சி. டெக் என்ற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. 1978-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றோடு அதையும் சேர்த்துப் புதுப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். அறிவியல் துறைகள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. அதற்காக, பாகம் பிரிந்த பிறகு வந்த தம்பி மகனின் பெயரைப் பெரியப்பாவின் கல்யாணப் பத்திரிகையில் போடுவார்களா?

இடம் எதுவாக இருந்தால் என்ன, கண்டுபிடிப்புதானே முக்கியம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்கலாம். இந்த விஷயத்தில் இடம்தான் கதையே. 1952-ல் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு சர் சி.வி. ராமனைத்தான் அழைத்தார். அவர் தாம் வராமல் தம் மாணவர் ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய பேராசிரியர்! கொலாஜனை எடுத்துப் பாருங்கள் என்று சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல் யோசனை சொன்னார். கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே பெரும்பாலும் கொலாஜன்தானே! கங்காருவின் வால் தசைநாண் அங்கிருந்துதான் கிடைத்தது. அந்த எக்ஸ்ரே படங்களை வைத்துத்தான் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் மூன்று இழை முறுக்கிக் கிடக்கும் அமைப்பை 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள், அடுத்த ஆண்டே திருத்திச் செம்மை செய்தார்கள். நிலவு எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டியபடி சுற்றுகிறதே, அதை நினைத்தபோதுதான், ஒவ்வொரு இழையும் தான் முறுக்கியபடியே மற்ற இரண்டையும் சுற்றும் அந்த இரண்டாவது முறுக்கு ராமச்சந்திரனுக்குப் பிடிபட்டது என்று சொல்வதுண்டு. கட்டுரையில் கங்காருவும் இல்லை, நிலவும் இல்லை. கேண்டீன் இருக்கிறது, வைஃபை இருக்கிறது.

நான் சேர்ந்தது 1976-ல். பேராசிரியர் பெங்களூருக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே ஒரு கருத்தரங்கில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, நெருக்கம் கொண்டாடவில்லை. ஆனால் படிகத்தை எக்ஸ்ரேயில் படமெடுத்து அணு அமைப்பைக் கண்டறியும் அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும். கடுகில் பாதிகூட இல்லாத படிகத்தைக் கண்ணாடி இழையின் நுனியில் குவிக்ஃபிக்ஸ் வைத்து ஒட்டுவோம். கை நடுங்கினால் ஒரு மாத உழைப்பு தரையில். கேமராவில் ஃபிலிம் சுருட்டி வைத்து இரண்டு நாள் எக்ஸ்ரே ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இருட்டறையில் சிவப்பு பல்பு, ஃபிலிம் கழுவும் ஹைப்போ வாடை, கொடியில் துணி காய்வதுபோல் ஃபிலிம்கள். காய்ந்த ஃபிலிம்களில் மொத்தம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கருமையையும் ஓர் அளவுப் பட்டையோடு ஒப்பிட்டு, கண்ணாலேயே மதிப்பிட்டு எண் போட வேண்டும். என் மூக்குக்கண்ணாடிக்கு அந்த வளாகத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. இதையும் தம்பியிடம் சொன்னேன். “சூப்பர் சார்” என்றார்.

1979-ல் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து எனக்கு விரிவுரையாளர் வேலைக்கு நேர்முக அழைப்பு வந்தது. உறையில் அவர்கள் எழுதியிருந்தது ‘அண்ணா பல்கலைக்கழகம், சென்னை 25’. இரண்டு இடத்துக்கும் பின்கோடு ஒன்றே, 600 025. கடிதம் எங்கெங்கோ சுற்றி, பேனாவால் இரண்டு முறை அடித்துத் திருத்தப்பட்டு என் கைக்கு வந்தபோது, நேர்முகம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. புதுப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது ஒரு வயது. அன்றே எங்கள் முகவரி போய்விட்டது.

சரி, தனிப்பெயர் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் வளாகத்துக்கு மறைமலை வளாகம் என்று அழகான பெயர் உண்டு. ஆட்டோவில் ஏறி அதைச் சொல்லிப் பாருங்கள். “மறைமலைநகரா? ரிட்டர்ன் காசும் தரணும் சார்” என்பார். நான் கேட்டிருக்கிறேன்.

என் மகளுக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டில் நான் கிண்டியில் படித்தவன் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். “இன்ஜினியரிங்கா?” என்று கேட்டார்கள். இயற்பியல் என்றேன். நாற்காலி பின்னால் போனது. உங்கள் நாளிதழையும் அதே நாற்காலியில்தான் பார்க்கிறேன். கலந்தாய்வு, கட்-ஆஃப், எந்தக் கல்லூரியில் எத்தனை சீட் என்று மே மாதம் பக்கம் பக்கமாக வருகிறது. வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் நிலவியலுக்கும் அதே சாலையில் துறைகள் இருப்பதை என்றைக்காவது ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போட்டதுண்டா?

இன்னொன்றையும் மறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் அறிவியல் பக்கத்தில், புரத ஆய்வில் உலகமே பயன்படுத்தும் ‘ராமச்சந்திரன் மனை’ என்று வந்தது. ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் 1963-ல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடம் அது. வரைபடத்துக்கும் மனைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லான ‘பிளாட்’டைப் பார்த்ததும் மொழிபெயர்த்தவருக்கு ரியல் எஸ்டேட் ஞாபகம் வந்துவிட்டது போலும். கிண்டியில் இன்று அரை கிரவுண்டு என்ன விலை போகிறது என்று எனக்குத் தெரியும், பேராசிரியருக்கு அங்கே மனை வாங்கிக் கொடுத்த பெருமை உங்களுடையது. இன்றைக்கும் எந்த நாட்டில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், சரியா தப்பா என்று முதலில் வைத்துப் பார்ப்பது அந்த வரைபடத்தில்தான் என்று அப்போதே கடிதம் எழுதினேன். இரண்டு பக்கக் கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி வந்தது. “கட்டுரை அருமை” என்று நான் மரியாதைக்குத் தொடங்கிய வரி மட்டும் முழுசாக இருந்தது.

ராமானுஜன் கணித நிறுவனம் பற்றியும் எழுதலாம் என்றிருந்தேன். அதையும் 1950-ல் தொடங்கியவர் அதே அழகப்பர்தான், அது இருப்பது சேப்பாக்கம். உங்கள் கட்டுரையில் அதுவும் கிண்டிக்கு வந்துவிட்டது. போகட்டும், ஒரு கடிதத்தில் எத்தனையைத்தான் தூக்கிச் சுமப்பது.

நான் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு அதே இணைப்பில், ராசிபலனுக்குக் கீழே இல்லாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் ஒரு வரி: ‘பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் பணியாற்றியது சென்னைப் பல்கலைக்கழகம்.’ இடம் போதவில்லை என்றால் என் கடிதம் முழுவதையும் விட்டுவிடுங்கள், அந்த ஒரு வரி போதும். நிருபர் தம்பிக்கு நேரம் இருந்தால் ஒரு நாள் கிண்டிக்கு வரச் சொல்லுங்கள். காந்தி மண்டபத்துக்கு எதிரே காத்திருக்கிறேன், எந்த கேட் யாருடையது என்று நடந்தே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நங்கநல்லூர், சென்னை 600 061