பத்து நிமிஷம் யாருக்குத் தாராளம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூரத்து பஸ்ஸைச் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் சொன்ன நேரத்துக்குத் திரும்பாதவருக்காக நாற்பது பேரின் நேரத்தை வீணாக்கி டிரைவர் காத்திருக்கத் தேவையில்லை, பத்து நிமிஷமே தாராளம் என்று சென்ற வார வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பெட்டி கட்டி வேறு போட்டிருந்தீர்கள். எழுதியவர் ஆணாகத்தான் இருப்பார். பெயரைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தத் 'தாராள'த்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

பஸ் நின்றதும் ஆண்கள் எந்த இருட்டுக்குப் போகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பெண்களுக்கு இருப்பது இரண்டு கழிப்பறைக் கதவு. ஒன்றில் தாழ்ப்பாள் இருக்காது. மூன்று பஸ் பெண்கள் வரிசையில் நிற்போம். வாசலில் உட்கார்ந்திருப்பவர் சில்லறை இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்.

என் நாத்தனார் சர்க்கரை நோயாளி. போன தை மாதம் சென்னையிலிருந்து ஊட்டி பஸ்ஸில் வந்தார். உளுந்தூர்பேட்டைக்கு அருகே நள்ளிரவில் நிறுத்தினார்கள். வெளியே வந்து பார்த்தால் பஸ்ஸைக் காணோம். போன், மாத்திரை, குன்னூர் வந்ததும் போட வைத்திருந்த ஸ்வெட்டர் எல்லாம் சீட்டிலேயே போய்விட்டன. வேறொரு பஸ் டிரைவர் இரக்கப்பட்டு ஏற்றிவந்து சேலத்தில் சேர்த்துவிட்டார். அவருக்கும் நேரக் கணக்கு உண்டுதானே? விட்டுவிட்டுப் போன டிரைவரைக் கேட்டால், "ஹாரன் அடிச்சேனே" என்கிறார். அங்கே நின்ற அத்தனை பஸ்ஸும்தான் அடித்தது!

கூடலூர் வழியாக மைசூர் போகிற டிரைவர் பறந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். இரவு 9 மணிக்குப் பந்திப்பூர் காட்டுப் பாதையை விலங்குகளுக்காக அடைத்துவிடுவார்கள். 2009 முதல் அப்படித்தான். சேலம் நான்கு வழிச் சாலையில் எந்த யானை குறுக்கே வருகிறதாம்?

நாற்பது பேரின் நேரம் என்று உருகுகிறார்களே, டிரைவர் தனி அறையில் ஆற அமரச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு வரும்வரை அதே நாற்பது பேர்தான் கொசுக்கடியில் நிற்கிறோம். அது மட்டும் கணக்கில் வராது. அவருக்கு அந்தச் சாப்பாடு இலவசம். அதற்கான காசு எங்கள் ஆறிப்போன தோசையில் ஏறிவிடுகிறது. இதில் விடிய விடியப் பாட்டு வேறு. காது கேட்காதவர்கள்தான் நிம்மதியாக ஊர் வந்து சேரமுடியும்.

எங்கள் பக்கத்து அரசு பஸ்களை ஓட்டிய சேரன் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்தில், குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரில் டீ குடிக்க இறங்குவோம். கண்டக்டர் தலை எண்ணாமல் விசில் ஊதமாட்டார். "கோத்தகிரி அம்மா எங்கே?" என்று கேட்டே கிளம்புவார். இப்போது பல தூரத்து பஸ்களில் கண்டக்டரே கிடையாது. செலவு மிச்சமாம்.

மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்லவில்லை. நிறுத்தும்போது வண்டி எண்ணை உரக்கச் சொல்லட்டும். கிளம்பும் முன் உள்விளக்கைப் போட்டு ஒருமுறை தலை எண்ணட்டும். போக்குவரத்துத் துறையின் கண்ணில் படும்படி இதைப் பிரசுரித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோத்தகிரி